நீ அனுப்பின ஹோர்மோன் குளிசை

சம்மாந்துறை,
வெள்ளிக்கிழமை காலை.

என்ட கண்ணான மகள் நிப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நானும் வாப்பாவும் சுகமா இரிக்கம். கட்டாரில நீயும் மருமகனும் பேரனும், உன்ட வயித்தில அஞ்சு மாசமா வளர்ற அந்தச் சின்ன உசிரும் ஒரு குறையுமில்லாம இரிக்கணும் எண்டுதான் ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கிறன். போனில கதைக்காம உம்மா என்னத்துக்குக் கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். நீ எப்பவும் ஸ்பீக்கரில போட்டுட்டுத்தான் கதைக்கிற, மருமகனும் பக்கத்தில இரிப்பார், இந்தப் பொம்புளைக் கதையெல்லாம் அவர்ட காதில விழுந்தா எனக்கு வெக்கம். அதோட நீ இடையில அழத் தொடங்கினா நான் மிச்சத்தச் சொல்லாம விட்டுடுவன். இதப் படமெடுத்து உன்ட போனுக்கே அனுப்புறன், ஆறுதலா இரிந்து கடைசி வரைக்கும் வாசி.

கை இப்ப நல்லம். பிளாஸ்டர் வெட்டி ரெண்டு மாசமாகுது, மாக் குழைக்கத்தான் ஏலாது, வாப்பா குழைச்சுத் தாறார், தண்ணியக் கூட ஊத்தி ஒரே களி. சும்மா வாசலில சறுக்கினதுக்கு இப்பிடி முறியக் கூடாதே எண்டு ஸ்கேன் எடுத்ததில எலும்பெல்லாம் மெலிஞ்சு போச்சு எண்டு வந்தத உனக்குச் சொன்னன். அண்டையில இரிந்து நீ ஹோர்மோன் எடுங்க உம்மா, ஹோர்மோன் எடுங்க எண்டு நிண்டாய், உன்னோட வேலை செய்ற பொம்புளைக்கு நல்லாக் கேட்டது எண்டு மூணு மாசத்துக் குளிசையையும் வாங்கி அனுப்பிட்டாய். பக்கத்து வீட்டு பஸ்மினாவும் அதத்தான் எடுக்கிறா. அவக்கு நாப்பதிலயே மாசாமாசம் வாறது நிண்டு, உடம்பு கொதிச்சு நித்திரையில்லாமக் கிடந்தவ, டொக்டர் பாத்துக் குடுத்ததில இப்ப ஸ்கூட்டியில பறக்கிறா. பயப்பிடாம எடுங்க ராத்தா எண்டா. நானும் பிஸ்மி சொல்லித் தொடங்குவம் எண்டுதான் இரிந்தன். வாப்பாதான் டொக்டரிட்டக் காட்டாம ஒண்டும் வாயில வைக்க ஒண்ணா எண்டு பெட்டிய அலுமாரியில வெச்சுப் பூட்டிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை கல்முனைக்குப் போய் கிருசிகா டொக்டரக் கண்டம். சின்னப் புள்ளதான், உன்ட வயசு இரிக்கும், நல்ல பொறுமை. உன்ட குளிசையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அம்மா, இது எலும்புக்கு நல்ல மருந்துதான், ஆனா எல்லாருக்கும் சரிவராது எண்டு சொல்லிக் கேள்வி கேக்கத் தொடங்கினா. வாறது நிண்டு எத்தின வருசம், குடும்பத்தில மார்புப் புத்துநோய் வந்த ஆக்கள் இரிக்கா, எப்பவாவது ரெத்தம் கட்டினதா எண்டெல்லாம் கேட்டா. நிண்டு பன்னெண்டு வருசம் எண்டு சொன்னன். மத்ததுக்கெல்லாம் இல்ல, இல்ல எண்டன். வாப்பா திரைக்கு அங்கால வாங்கில இரிந்தவர். பொம்புளைக் கதை எண்டா எழும்பி வெளிய போற மனிசன், அண்டைக்குத் திரைய விலக்கிக்கிட்டு உள்ள வந்து, லைலா, உண்மையச் சொல்லு எண்டார். நான் தலையக் குனிஞ்சன். மறுகா அவர்தான் சொன்னார், டொக்டர், மகள் பொறந்த நேரம் இவக்குக் காலில ரெத்தம் கட்டி உசிரு தப்பினதே பெரிய காரியம் எண்டு.

அந்த மகள் நீதான். தொண்ணூத்தி ஒண்டாம் ஆண்டு, யுத்தத்தால ஊரெல்லாம் பயத்தில கிடந்த காலம். நீ கிடைச்சுப் பத்தாம் நாள் என்ட இடது கால் வாழைத்தண்டு மாதிரி வீங்கிட்டு. வாகனம் இல்ல, வாப்பா உழவு ரெக்டர் பெட்டியில வைக்கோலப் பரப்பி என்னப் படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர். ஒரு மாசத்துக்கு மேல கிடந்தன். பால் கட்டி நெஞ்சு வெடிக்கும், உனக்குத் தர ஏலாது, மாமி உன்ன ஆட்டுப்பாலில வளத்தா. திரும்பி வந்த அண்டு ஒரு சொந்தக்காரி, இந்தப் புள்ள வந்த ராசிதான் தாயப் படுக்கப் போட்டது எண்டு வாசலிலயே நிண்டு சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் நெருப்பு. உன்ன வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இந்தக் கதைய இனி ஒருத்தரும் இந்த வீட்டில எடுக்க ஒண்ணா எண்டன். அதுக்குப் பிறகு வாப்பாவும் எடுக்கல்ல, நானும் எடுக்கல்ல. நீ பள்ளிக்கூடம் போகக்குள்ளயும், கலியாணம் பேசக்குள்ளயும் ஒருத்தரும் உன்ட பேரோட அதச் சேத்துக் கதைக்கக் கூடாது எண்டுதான் பயந்தன். டொக்டரிட்ட இல்ல எண்டதும் பழக்க தோசம்.

டொக்டர் என்ன ஏசல்ல. ஹோர்மோன் எடுத்தா ரெத்தம் திரும்பக் கட்டிற பயம் இரிக்கி, உங்களுக்கு வயசும் அறுவது, நிண்டும் கன வருசம், அதால உங்களுக்கு இது கூடாது எண்டு தெளிவாச் சொன்னா. கிழமைக்கு ஒண்டு எடுக்கிற வேற குளிசை எழுதித் தந்தா. வெறும் வயித்தில ஒரு கோப்பை தண்ணியோட குடிச்சுட்டு அரை மணித்தியாலம் படுக்காம இரிக்கணும். அதோட கல்சியமும் தந்தா, பின்னேரத்தில வாய்க்கால் கட்டால நடக்கவும் சொன்னா. வாப்பாவும் கூட வாறார், என்ன விட அவர்தான் மூச்சு வாங்குறார். உன்ட குளிசையப் பேமசியில குடுத்திட்டன். மனம் நோகாத மகள், நீ என்ட எலும்ப நினைச்சு அனுப்பினாய், அதுவே எனக்குப் பெரிய மருந்து.

நான் எழும்பி வெளிக்கிடக்குள்ள டொக்டர் கேட்டா, அம்மா, உங்கட மகளுக்கு இது தெரியுமா எண்டு. இல்ல எண்டன். அவ பேனைய வெச்சிட்டா. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரலாம், வயித்தில புள்ள இரிக்கிற நேரமும் பெத்த பிறகும்தான் கூடக் கவனம், இண்டைக்கே சொல்லுங்க எண்டா. உனக்கு ஒரு சொல் படக் கூடாது எண்டு நான் மூடி வெச்சது உன்னையே ஆபத்தில விட்டிரிக்குமே எண்டு ஓட்டோவில வரக்குள்ள முழுக்க அழுதன். வாப்பா கையப் பிடிச்சுக்கிட்டு வந்தார்.

அதால மகள், இதக் கண்டோன உன்ட டொக்டரிட்டப் போ. என்ட உம்மாக்குப் புள்ள பெத்த நேரம் காலில ரெத்தம் கட்டினது எண்டு வடிவாச் சொல்லு. கால் வீங்கினா, நெஞ்சு நொந்தா, மூச்சு முட்டினா காத்துக்கிட்டு இரிக்காத. உன்னால எனக்கு ஒரு நோயும் வரல்ல, நீ எனக்குக் கிடைச்ச பரக்கத். அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் லேசான பிரசவத்தையும் தரட்டும், பேரனுக்கு எங்கட முத்தம். சொல்லக்குள்ள வெக்கப்படாத, நான் இத்தின வருசம் மூடி வெச்சது போதும்.

உன்ட உம்மா,
சித்தி லைலா பளீல்