பதினோரு நிமிட ஜெபம்

ஜூன் 12, வியாழன்

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் வருகிற இடத்தில் சின்ன முடிச்சு என்றார். "மூணு வாரம் வாயே தெறக்கக் கூடாதும்மா. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் தேவஇரக்கம் சிரித்தார். "ஏட்டி, இனி சபையில யாரு ஜெபத்த முடிச்சு வைப்பா?" எந்தக் கூட்டம் என்றாலும் கடைசி ஜெபம் என்னுடையதுதான். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மூன்று வாரத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 13

மனதுக்குள் ஜெபிக்கலாமே என்று முழங்காலிட்டேன். "சர்வ வல்லமையுள்ள தேவனே..." அவ்வளவுதான். பின்னாலிருந்து ஆமென் சொல்ல ஆளில்லை. அடுத்த வார்த்தை வரவேயில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போதகரின் மனைவி என் இடத்தில் எழுந்து ஜெபித்தார். பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஜூன் 19

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். இங்கே தென்காசியில் சாரல் விடவில்லை, துணி எதுவும் காயவில்லை.

போன வருஷம் பெண்கள் சங்கத்து வாட்ஸப்பில் நான் பேசி அனுப்பிய ஜெபத்தை இன்று போட்டுக் கேட்டேன். அதோடு சேர்ந்து நானும் ஜெபித்துவிடலாம் என்று ஒரு யோசனை. பதினோரு நிமிடம். நல்ல குரல்தான், பொய் சொல்லக் கூடாது. ஐந்தாவது நிமிடத்தில் இப்படி வருகிறது: "ஆண்டவரே, வீட்டு வேலையைச் சாக்குச் சொல்லி உபவாசக் கூட்டத்துக்கு வராமலிருக்கிற சகோதரியைத் தொட்டருளும்."

இலத்தூர் ரூபாவதி. பேர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

ஆண்டவரிடமா சொன்னேன் அதை? அவருக்கு ரூபாவதியைத் தெரியாதா? பதினோரு நிமிடத்தில் எனக்கென்று அவரிடம் சொன்னது ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

ஜூன் 20

இருக்கீங்களா?

ஜூன் 24

எய்யா நினைப்பாகவே இருக்கிறது. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். செங்கோட்டை பஸ் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். டீச்சர் அடித்ததைச் சொல்வேன், பசிக்கிறது என்பேன், சும்மாவும் இருப்பேன். ரோட்டைப் பார்த்தபடியே "ம்" என்பார். "மாண்புமிகு ஓட்டுநரே" என்று நான் ஒருநாளும் ஆரம்பித்ததில்லை.

அந்த "ம்" வேண்டும் எனக்கு. எய்யாவுடையது மட்டுமில்லை ஆண்டவரே, உம்முடைய— பார், திரும்பவும் மேடைப் பேச்சு. நீங்க வேணும் எனக்கு. கூட்டம் இல்லாம, நீங்க மட்டும். அம்பத்திரண்டு வயசுல இதக் கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஆனா வேணும்.

ஜூன் 28

இலத்தூர் போனேன். "மன்னிச்சிரு" என்று எழுதி நீட்டினேன். ரூபாவதி வாங்கிப் படித்தாள், மடித்துத் திருப்பித் தந்தாள்.

"சங்கம் முழுக்கக் கேக்குத மாதிரி சொன்னிய. இத மட்டும் சீட்டுல எழுதுதியளாக்கும்? வாய் வரட்டும் யக்கா, அப்பம் பாப்போம்."

சரியாகத்தான் சொன்னாள்.

ஜூலை 3

கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார் டாக்டர். "என்னமும் பேசேன்" என்றார் இவர். தலையாட்டிவிட்டு இலத்தூர் பஸ் ஏறினேன். மூன்று வாரம் கழித்து முதல் பேச்சு ரூபாவதி வாசலில். "மன்னிச்சிரு ரூபா." காக்கா கரைந்தது போலிருந்தது. அவள் கதவை முழுசாகத் திறந்தாள். பிறகு, "உள்ள வாங்க, இட்லி அவிச்சிருக்கேன்" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் பால் காயட்டும் என்று அடுப்படியில் நின்றேன். தானாக வந்தது.

"எய்யா, இன்னும் சாரல் விழுது. துணி ஒண்ணும் காயல. நேத்து ரூபாவதி இட்லி தந்தா, எனக்குத்தான் எறங்கல. வார ஞாயித்துக்கெழம என்னய ஜெபம் பண்ணச் சொல்லுதாவ. பயமா இருக்கு. நல்லா ஜெபிச்சேன்னு சொல்லிருவாவளோன்னுதான் பயம்."

பிறகு சும்மா நின்றேன். சொல்ல வேறு எதுவும் இல்லை. போகவும் மனமில்லை.

முன்னறையிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "ஏட்டி, உள்ள யாரு வந்திருக்கா? சட்டயப் போட்டுட்டு வரட்டா?"

இருபத்தாறு வருஷமாக என் ஜெபத்தைக் கேட்டவர். ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

"ஆமா," என்றேன். "வந்திருக்காவ."