நட்சத்திரத்தை இறக்க இன்னும் ஒரு நாள்

அனுப்புநர்
உமாதேவி ஜஸ்டின்,
4/17, வாய்க்கால் தெரு,
மேலக்கரைப்பட்டி (காமயகவுண்டன்பட்டி வழி),
தேனி மாவட்டம்.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
மேலக்கரைப்பட்டி.

பொருள்: எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெருப்பக்கம் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை 23.05.2026-க்குள் அகற்ற உத்தரவு – 24.05.2026 மாலை வரை, அதாவது ஒரே ஒரு நாள், கூடுதல் அவகாசம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 20.05.2026 அன்று நேரில் தரப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மே மாதத்தில் எரிவது முறையல்ல என்று அறிவிப்பில் கண்டிருப்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 2024 டிசம்பர் முதல் தேதி ஏற்றியது, பதினெட்டாவது மாதமாக எரிகிறது. நடுவில் இன்னொரு கிறிஸ்துமஸ் வந்தபோது புதிதாகக் கட்டும் வேலையே எங்களுக்கு இல்லை. மினிபஸ் நடத்துநர் எங்கள் தெருமுனையில் "ஸ்டார் வீடு இறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார். திராட்சை வியாபாரிகளும் அதை வைத்தே வழி கேட்கிறார்கள். இம்மாதத் தொடக்கத்தில் வைக்கோல் டிராக்டர் ஒன்று அதில் உரசியது உண்மை. அதன்பின் அது தொங்கும் இரும்புக் குழாயை இரண்டடி உயர்த்திவிட்டோம். மின்சாரம் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே எடுக்கப்படுகிறது, தெருவிளக்குக் கம்பத்திலிருந்து அன்று.

2. நான் பிறந்த வீட்டில் பழையது எதுவானாலும் போகியன்று வெளியே போய்விடும். புகுந்த வீட்டில் கணக்கு வேறு. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று மாலை ஆறு மணிக்கு ஜெபம் முடித்து நட்சத்திரத்தை இறக்கிவிட வேண்டும்; ஏழாம் தேதியும் தொங்கினால் வீட்டுக்கு ஆகாது. இது என் மாமனார் ராஜமணி விதித்தது. என் கணவர் ஜஸ்டின் தன் அப்பா சொன்ன எதையும் கேட்டவரில்லை, இதைத் தவிர.

3. எங்கள் ஒரே மகள் ஜாய்ஸ் அயர்லாந்தில் செவிலியராக இருக்கிறாள். 2023 கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, புத்தாண்டு கழிந்துதான் கிடைத்தது. தான் வந்து பார்க்கும்வரை நட்சத்திரத்தை இறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் போனில் கேட்டுக்கொண்டாள். இணைப்பு விமானம் தவறியதால் 6 ஆம் தேதி வரவேண்டியவள் 7 ஆம் தேதி மதியம்தான் கொச்சியிலிருந்து குமுளி வழியாக வந்து சேர்ந்தாள். அதற்குள் என் கணவர், நான் கெஞ்சியும் கேளாமல், 6 ஆம் தேதி மாலை சரியாக ஆறு மணிக்கு இறக்கித் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். காரிலிருந்து இறங்கிய பிள்ளை மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "நான் வர்றதுக்குள்ள இறக்கிட்டீகளாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. பத்து நாள் இருந்துவிட்டுப் போனவள், அதன்பின் அப்பாவிடம் பேசவும் இல்லை, ஊருக்கு வரவும் இல்லை.

4. அதற்கு அடுத்த டிசம்பரில் ஏற்றிய நட்சத்திரத்தை ஜாய்ஸ் வந்து தன் கையால் இறக்கினால் ஒழிய யாரும் தொடக்கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். மகளை அழைத்து ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வாய் வராத மனிதர், பல்பு போனால் மட்டும் மூட்டுவலியோடு ஏணி ஏறுகிறார். ஆகவே இம்மனு தங்கள் அலுவலகத்தின் மீதான புகார் அன்று. உள்ளபடி பார்த்தால் இது என் கணவர் மீதான புகார்.

5. எதிர்வீட்டு மலைச்சாமி அண்ணன் தங்களிடம் புகார் கொடுத்ததிலும் தவறில்லை. வெளிச்சம் நேராக அவர் படுக்கையறைச் சன்னலில்தான் விழுகிறது. ஒன்றரை வருடம் பொறுத்ததே பெரிது.

6. ஐயா, இனி எழுதப்போவதை எழுதக் கை பரபரக்கிறது. சென்ற மாதக் கோடைமழையில் நட்சத்திரத்தின் ஒரு முனை கிழிந்தது. என் கணவர் அதை இறக்காமல், ஏணியில் நின்றபடியே ஒட்டிக்கொண்டிருந்ததைப் படம் எடுத்து, ஒரு வரியும் எழுதாமல் ஜாய்ஸுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அவளிடமிருந்து விமானச் சீட்டு வந்தது. கூடவே, "அப்பாகிட்ட சொல்லிருங்கம்மா, நான்தேன் இறக்குவேன்" என்று குரல் செய்தி. வரும் 24 ஆம் தேதி ஞாயிறு காலை கொச்சியில் இறங்குகிறாள்! மதியம் இரண்டு மணிக்குள் வீட்டில் இருப்பாள். இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை, இப்போது தங்களிடமும் சொல்லியாயிற்று. என் கணவர் அந்தக் குரல் செய்தியை எத்தனை முறை கேட்டார் என்று எனக்கே தெரியாது. இந்த வாரத்தில் இரண்டாவது முறையாக முடிவெட்டிக்கொண்டும் வந்துவிட்டார்.

7. இந்த நேரத்தில்தான் தங்கள் அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை மாலை ஆட்கள் வந்து இறக்கிவிடுவார்கள் என்று கொண்டுவந்த ஊழியர் சொல்லிச் சென்றார். பிள்ளை வருவதோ ஞாயிற்றுக்கிழமை. அன்றும் ஒரு நாளில்தான் தவறியது, இன்றும் ஒரு நாள்தான் இடிக்கிறது. இன்னொரு முறை அவள் வெறும் குழாயைப் பார்க்கும்படி ஆனால் எங்கள் வீடு தாங்காது. அறிவிப்பைக் கையில் வாங்கியதிலிருந்து என் கணவர் சாப்பிடவில்லை.

ஆகவே, அறிவிப்பை ரத்து செய்யக் கோரவில்லை. சனி என்பதை ஞாயிறு மாலை ஆறு மணி என்று திருத்தித் தந்தால் போதும். அதற்குப் பிறகும் நட்சத்திரம் தொங்கினால் குழாயோடு பிடுங்கிச் செல்லலாம், நாங்கள் ஒரு சொல் சொல்லமாட்டோம். குழாயை உயர்த்தியபின் எங்கள் ஏணி எட்டாததால், பேரூராட்சியின் உயர ஏணியை அன்று மதியம் கொடுத்து உதவவும், இயன்றால் தாங்களும் குடும்பத்தோடு சாப்பிட வரவும் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: மேலக்கரைப்பட்டி
நாள்: 21.05.2026

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
உமாதேவி ஜஸ்டின்

இணைப்பு:
1. அறிவிப்பு நகல்.
2. விமானச் சீட்டு நகல்.
3. புகார்தாரர் மலைச்சாமி தாமே கேட்டு வாங்கி, இம்மனுவின் அடியில் தம் கைப்பட எழுதியது:

"புகார் கொடுத்தது நான்தேன். பிள்ளை வர்ற சேதி அப்பத் தெரியாது. இன்னும் மூணு ராத்திரி முழிச்சுக் கெடக்க எனக்குச் சம்மதம். – மலைச்சாமி"