வில்ஃப் எழுதாத பத்துப் பக்கம்

ட்விக்கன்ஹாம்,
5 அக்டோபர் 1963

அன்புள்ள லயனலுக்கு,

மேவிஸ் எழுதுகிறேன். நீங்களும் பெகியும் பிள்ளைகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விலாசத்தை உங்கள் அக்காவிடம் வாங்கினேன். கலிபோர்னியாவில் அக்டோபரிலும் வெயில் அடிக்கிறதாம், வீட்டுத் தோட்டத்திலேயே எலுமிச்சை பறிக்கிறீர்களாம், பெருமையாகச் சொன்னார். இங்கே பத்து நாளாக விடாத மழை. துவைத்த துணியெல்லாம் சமையலறையில் தொங்குகிறது. அடுப்புக்குப் போக வேண்டுமென்றால் வில்ஃபின் சட்டைகளை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்தக் கடிதம் வில்ஃபுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வருஷமாக அவர் ஜனங்கள் முன்னால் பேசிய நகைச்சுவை வரிகளையெல்லாம் எழுதிக் கொடுத்தவர்களே நீங்களும் மோரிஸும்தானே.

மார்ச் மாதம் நடந்ததைக் கிளற விரும்பவில்லை. உங்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, சூப் ஆறுவதற்குள், "இனிமே எழுத்து வேலைய நானே பாத்துக்கறேம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மோரிஸ் என்ன சொன்னார் என்று கேட்டேன். "வெண்ணெய இந்தப் பக்கம் தள்ளுன்னான்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உங்களுக்குப் பிறகு எழுதுவதற்கென்று இரண்டு பேரை வைத்துப் பார்த்தார். பெரிய படிப்புப் படித்தவர்கள். பக்கத்துக்குப் பதினெட்டு ஜோக். ஒன்றைச் சொல்லி வில்ஃப் வாயை மூடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். நம் மனிதர் சும்மா நின்று பார்த்தாலே ஜனங்கள் சிரிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஜூலையில் அவர்களையும் அனுப்பிவிட்டார். இப்போது பின்னறையில் உட்கார்ந்து தானே எழுதுகிறார். நான் டைப் அடித்துக் கொடுக்கிறேன். தொலைக்காட்சிக்கு ஆறு வாரத் தொடர். ஞாயிறு பதிவு, வெள்ளி ஒளிபரப்பு, எல்லாம் உங்கள் காலத்தில் இருந்தபடியேதான். இரண்டு வாரம் போய்விட்டது.

எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கறிக்கடை டாட்ஸை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை காலையில் நான் கடைக்குள் நுழைந்ததுமே முந்தின நாள் வில்ஃப் சொன்ன வரியை அவரைப் போலவே மூக்கைத் தூக்கிக்கொண்டு சொல்லிக்காட்டுவார். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். போன வாரமும் இந்த வாரமும் அவர் என்னிடம் மழையைப் பற்றியே பேசினார். அரை பவுண்டு கல்லீரலைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது, "சாருக்கு ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். துக்க வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டார்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீங்கள் மூவரும் வேலை செய்தபோது ஒருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை. நல்ல வரி விழுந்தால் மோரிஸ் "ம்" என்பார், நீங்கள் டைப் அடிப்பீர்கள். யாராவது தவறிச் சிரித்துவிட்டால் தாளை உருவிக் கிழித்துவிடுவீர்கள். நாமே சிரித்துத் தீர்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்பீர்கள். தேநீர் கொண்டுவரும்போது எனக்கு ஏதோ மரண விசாரணைக்குள் நுழைந்துவிட்டது போல இருக்கும். பைத்தியக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அவர் ஒவ்வொரு பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டுகிறார். முடித்ததும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் சிரித்துவிடுகிறேன், லயனல். வேறு என்ன செய்வேன். அந்தப் பார்வையைப் பார்த்தால் நீங்களும் சிரிப்பீர்கள். நான் சிரித்த பக்கங்கள்தான் இரண்டு வெள்ளிக்கிழமையும் ஒளிபரப்பாயின.

உங்களிடம் எதுவும் கேட்க இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பெகிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மேவிஸ்


ட்விக்கன்ஹாம்,
26 அக்டோபர் 1963

அன்புள்ள லயனலுக்கு,

உங்கள் கனமான உறை பதினாறாம் தேதி கைக்குக் கிடைத்தது. எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். நீங்கள் ஒரு முழுக் காட்சியையே எழுதி அனுப்பிவிட்டீர்கள். இதை வில்ஃபின் தாள்களோடு சேர்த்துவிடுங்கள், நான் எழுதியது என்று அவனுக்கும் தெரிய வேண்டாம், மோரிஸுக்கும் தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொன்னபடியே காதும் காதும் வைத்த மாதிரி செய்து முடித்தேன். பத்துப் பக்கத்தையும் அவருடைய டைப் இயந்திரத்திலேயே அடித்தேன். உங்கள் கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டேன். மறுநாள் காலையில், "ஆகஸ்ட்ல எழுதி எங்கேயோ போட்டுட்டீங்க போல, அலமாரிக்குப் பின்னாடி கெடந்துது" என்று கொடுத்தேன்.

நின்றுகொண்டே வாசித்தார். கண்ணாடியை ஒருமுறை கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஆமா, ஆகஸ்ட்லதான்" என்றார். இந்த ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டவில்லை.

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். தபால் நிலைய வரிசையில் வில்ஃப். முன்னால் நிற்கும் கிழவர் கையெழுத்துப் போடப் பேனா கேட்கிறார். இவர் கொடுக்கிறார். அவரிடமிருந்து அடுத்தவர் வாங்குகிறார், அவரிடமிருந்து ஒரு நர்ஸ். பேனா வரிசை முழுக்கப் போகிறது. இவர் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாலேயே அதன் பின்னால் போகிறார். ஒவ்வொருவரும் திரும்பிப் பார்க்கும்போது மட்டும், "பரவாயில்லைங்க, எனக்கு அவசரம் இல்ல" என்கிறார். கடைசியில் தானே ஜன்னலுக்கு வந்து நின்றால், உள்ளே இருக்கும் பெண், "பேனா இல்லாம போஸ்ட் ஆபீசுக்கு வரலாமா?" என்று திட்டுகிறாள். பதிவின்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாள் சிரிப்பு தாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

நேற்று ஒளிபரப்பானது. இன்று காலை டாட்ஸ் என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு, "பரவாயில்லைங்க, எனக்கு அவசரம் இல்ல" என்றார். கடையே சிரித்தது. அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இத்தோடு கடிதத்தை நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். புதன்கிழமை தொலைக்காட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். இதே மாதிரி ஜனவரியிலிருந்து பதின்மூன்று வாரம் வேண்டும் என்றார். எழுதுவதற்கு யாரையாவது வைத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார். வில்ஃப் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பதினாலு வருஷம் ரெண்டு டைப்ரைட்டர் பசங்கள முதுகுல சுமந்தேன் சார். இப்பதான் முதுகு நிமிந்திருக்கு" என்றார். அந்த மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்தார். வியாழக்கிழமை கையெழுத்தும் போட்டுவிட்டார்.

உங்களிடம் இதை மறைத்திருக்கலாம். நீங்கள் பிடித்துத் தூக்கிவிட்ட கையாலேயே அவர் உங்களைத் தட்டிவிட்டார் என்பதை எப்படி மறைப்பது. நல்லது செய்யப் போய் இப்படி வாயைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உண்மையைச் சொன்னால் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஜனவரியில் எல்லார் முன்னாலும் உடைந்துபோவார். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், இன்னும் ஒரே ஒரு காட்சி அனுப்ப முடியுமா? ஒன்று போதும். அதற்குள் அவருக்கே கை வந்துவிடலாம்.

உங்கள் நன்றியுள்ள,
மேவிஸ்


ட்விக்கன்ஹாம்,
17 நவம்பர் 1963

அன்புள்ள லயனலுக்கு,

உங்கள் சிறிய கடிதம் எட்டாம் தேதி வந்தது. இனி முடியாது என்று நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. அதை எழுத எத்தனை தாளைக் கிழித்தீர்களோ.

மோரிஸ் என்னிடம் தொலைபேசியில் பேசினார் என்பதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். பேனா காட்சி வந்த மறுநாள் மாலை, என் கடிதம் தபாலில் சேர்ந்த பிறகு, கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஒரு மனுஷன எட்டு வரி பேசாம நிக்க வெக்கிற துணிச்சல் லண்டன்ல ஒருத்தனுக்கும் கெடையாது மேவிஸ். அது லயனலோட கை. எப்ப அனுப்புனான்?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "என் எழுத்து நல்லா இல்லேன்னா அவன் என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒருவர் தனியாக ஒரு வரிகூட எழுதுவதில்லை, எந்தத் தாளிலும் இரண்டு பெயரும் இருக்கும் என்று நீங்கள் இருவரும் ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தது எனக்கு மறந்தே போய்விட்டது. உங்களுக்கு மறந்திருக்காது. தெரிந்தேதான் எங்களுக்காக மீறினீர்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் அங்கே வந்து உங்களோடு சேர்வதாக இருந்தது. இப்போது வரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வில்ஃபைக் காப்பாற்றப் போய் உங்கள் ஜோடியையும் பிரித்துவிட்டேன்.

லயனல், முதலில் வில்ஃபை உங்கள் இருவரிடமிருந்தும் பிரித்ததும் நான்தான். பிப்ரவரியில் ஒரு பத்திரிகைக்காரன் வில்ஃபை, இரண்டு பேர் கயிறு இழுக்க ஆடும் பொம்மை என்று எழுதினான். அந்தப் பக்கத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே மடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது, அவரைத் தேற்றுவதற்காக, "அவங்க எழுதறதெல்லாம் என்ன பெரிய இது, நீங்க இங்க நின்னு தட்டு தொடைக்கறதே அதவிடச் சிரிப்பா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். எந்த மனைவியும் சொல்கிற பேச்சு. அவர் கையில் தட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இத்தனை நாள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே நிலைமை இதுதான். தினமும் காலை ஏழு மணிக்கு எழுந்து கீழே போய்விடுகிறார். தபாலை எனக்கு முன்னால் அவரே எடுக்கிறார். பத்திரிகை விமர்சனங்கள் என் கண்ணில் படாமல் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று அதைப் பிரிக்காமல் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முட்டையை உடைக்காமல் உட்கார்ந்திருந்தார். உறை மெலிதாக இருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தாள் தாளாக எழுதினார். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பக்கம் படித்துக் காட்டினார். பல் டாக்டரிடம் போகிற மனிதனைப் பற்றி. முடித்துவிட்டு வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, லயனல். எவ்வளவோ முயன்றேன். முகம் கேட்கவில்லை.

தாளைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "அந்தப் பேனா லயனலோடதுதானே?" என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். "ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடுச்சு மேவ். பதினாலு வருஷம் அவன் பேச்சப் பேசுன வாய் இது. அதுக்குத் தெரியாதா?" என்றார். தெரிந்தும் அந்தப் பெரிய மனிதரிடம் ஏன் அப்படிப் பேசினீர்கள், ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்றேன். "அவன்கிட்டேருந்து இன்னும் வரும்னு நெனச்சேன்" என்றார்.

நீங்களே ஒரு வார்த்தை அவர்களிடம் கேளுங்கள் என்று கெஞ்சினேன். மோரிஸ் வீடு பேருந்தில் இருபது நிமிஷம்தான். தலையை ஆட்டினார். "கேட்டா வந்துடுவானுங்க. அதான் கேக்க முடியல" என்றார். தாள்களை அடுக்கி ஒழுங்குபடுத்திக்கொண்டே, "நீ சிரிச்சப்பவும் தெரியும் மேவ். நெசச் சிரிப்புக்கு நீ தொண்டையக் கனைக்க மாட்டே" என்றார்.

ஜனவரிக்கு ஏழு வாரம் இருக்கிறது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தினமும் பின்னறைக்குப் போகிறார், இயந்திரச் சத்தம் மட்டும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்று தெரிந்தும் இன்று காலையும் ஏழு மணிக்குக் கீழே போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கேட்டால், பால் வந்துவிட்டதா என்று பார்த்ததாகச் சொல்கிறார்.

இனி உங்களிடம் ஒரு பக்கமும் கேட்க மாட்டேன். நீங்களும் மோரிஸும் முதலில் பேசிக்கொள்ளுங்கள், பழியை முழுக்க என் மேல் போட்டே பேசிக்கொள்ளுங்கள். கடவுள் உங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். பிறகு உங்களுக்கு மனம் இருந்தால் இங்கே ஒரு கடிதம் போடுங்கள். அங்குள்ள வெயிலைப் பற்றி எழுதுங்கள். திட்டியே எழுதினாலும் சரி. இதுவரை வந்த இரண்டு உறையிலும் என் பெயர்தான் இருந்தது. இந்தத் தடவை அவர் பெயரை எழுதுங்கள், லயனல்.

என்றும் உங்கள்,
மேவிஸ்