பழம் பழுக்க வேண்டாம்

கரடிமுனை,
ஜூன் 4

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மலைச்சரிவு முழுக்கக் காட்டு ப்ளூபெர்ரி பூத்துவிட்டது. பூவைக் கருக்கும் பின்பனி விழவில்லை, இந்த வருஷம் வாளி வாளியாக அள்ளலாம் என்று ஊரே குதிக்கிறது. நான் மட்டும் சரிவுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். லேலண்ட் வருகிறான். வெயில் தாழ்ந்ததும் கரைக் கல்லில் படகு உரசும். பிறகு சமையலறையில் நாற்காலி இழுபடும். போய்ப் பார்த்தால் தரையில் ஈரம். போன கோடையில் பழம் பறிக்கத் தீவுக்குப் போய் ஏரியில் மூழ்கிப் போன என் பிள்ளை வீடு வந்து சேர்கிறான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

உன் அக்கா,
ஆர்டித்

டுலூத்,
ஜூன் 19

அன்புள்ள அக்கா,

பேருந்தில் உன் கடிதத்தைப் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். உனக்குப் பைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். நம் பழங்குடி ஜனங்களில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவனைப் பிடித்து வைக்காதே. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒரு வருஷம் பழத்தைத் தொடாமல் இருப்பதும், அடுத்த வருஷத்து முதல் பழத்தை உறவில் ஒருத்தி ஊட்டித் துக்கத்தை இறக்குவதும் உனக்காக மட்டுமா? அவனும் போக வேண்டாமா?

டெல்மர் மாமாவிடம் பழம் ஊட்டும் விருந்துக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டேன். நான்தான் ஊட்டுவேன். சின்ன வயதில் என் பங்கையும் பிடுங்கித் தின்றவள் நீ. வாயைத் திறக்க உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

உன்
வெர்னா

கரடிமுனை,
ஜூலை 8

வெர்னா,

நீ வராதே. மாமா வந்து, "காய் நீலம் பாய ஆரம்பிச்சிருச்சும்மா, மனசைத் தேத்திக்க" என்றார். கதவைச் சாத்தினேன். அப்புறம் சரிவுக்குப் போய்க் காய்களைக் காலால் மிதித்தேன், மூச்சு முட்டும்வரை. மலை முழுக்கக் காய்த்துக் கிடக்கிறது, எவ்வளவைத்தான் மிதிப்பது?

படகுச் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வருகிறது. பெற்றிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆர்டித்

டுலூத்,
ஜூலை 12

அக்கா,

பெறாதவள்தான். நீ மர அறுப்பு ஆலைக்குப் போன வருஷங்களில் அவனுக்குச் சோறு ஊட்டியது இந்தக் கைதான். சனிக்கிழமை வருகிறேன். கதவு சாத்தியிருந்தால் படியில் உட்கார்ந்திருப்பேன்.

வெர்னா

கரடிமுனை,
ஜூலை 30

வெர்னாவுக்கு,

விருந்தில் கடைசிக் கரண்டிப் பழத்தை ஊட்டிவிட்டு, "முழுங்கிட்டியா அக்கா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். முழுங்கவில்லை. உன்னைப் பேருந்து ஏற்றிவிடும்போதுகூடக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தேன். நான் பேசாததைக் கோபம் என்று நினைத்திருப்பாய்.

அன்றைக்கும் வெயில் தாழ்ந்தது. படகு உரசியது. இந்தத் தடவை அவன் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே மூச்சு வாங்கும் சத்தம், வெகுதூரம் துடுப்புப் போட்டவனைப் போல. என் பிள்ளை களைத்துப் போயிருந்தான், வெர்னா. தினமும் அவ்வளவு தண்ணீரைத் தாண்ட வைத்தவள் நான்தான்.

ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாயில் இருப்பதை முழுங்கியாக வேண்டும். முழுங்கினேன். "போய்ட்டு வா" என்றுதான் நாக்கில் வந்தது. "வா"வை விட்டுவிட்டேன். "போப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் என் சத்தம் மட்டும்தான். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மேற்குச் சரிவில் பழம் கொட்டிக் கிடக்கிறது. உதிர்வதற்குள் வா, பறிக்க ஆள் வேண்டும்.

அக்கா