வரிசையில் கடைசி ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

சனிக்கிழமை விடுதியிலிருந்து எங்களில் பதினெட்டுப் பேரை மலை ஏரிகளுக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டாவது ஏரியில் மழையோடு மூடுபனியும் பிடித்துக்கொண்டது. மூடுபனி வந்தால் முன்னால் போகிறவளின் பையைப் பிடித்தபடி நடக்க வேண்டும். டீச்சர் கேட்டால் வரிசையாக எண் சொல்ல வேண்டும். நான்தான் கடைசி. "பதினெட்டு" என்றேன். எனக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல், "பத்தொன்பது" என்றது.

"யாருடி அது, மழையில விளையாட்டு?" என்றார் டீச்சர்.

எனக்கு முன்னால் நின்ற ஒல்லிக்குச்சி, "உனக்கு மட்டும் ரெண்டு நம்பரா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அப்போதே என் பையை ஒரு கை பிடித்திருந்தது, அப்பா. இறங்கும் வழியெல்லாம் விடவில்லை. பாசியில் நான் வழுக்கியபோது இழுத்து நிறுத்தியதும் அதுதான்.

பஸ் படியில் கால் வைத்ததும் பை லேசாகிவிட்டது. டீச்சர் தலைகளை எண்ணி, "பதினெட்டு, சரியா இருக்கு. கதவச் சாத்துங்க" என்றார். பத்தொன்பதாவது ஆளைப் பற்றி நான் சொல்லவில்லை. அதுதான் மனசை அறுக்கிறது.

கவலைப்படாதீர்கள், எனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. இங்கே வந்த ஐந்து மாதத்தில் யாரும் என்னை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டதில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறார்களாம். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். கடைசி இடத்தை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று சின்ன அளவாக இருக்கட்டும்.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்