பிரேக் பெடலில் என் கால்

ஞாயிறு, இரவு

மாமனாரின் பழைய காருக்கு இவர் வாசலிலேயே பெயின்ட் அடித்து முடித்துவிட்டார். இன்று பிரேக் ஆயில் மாற்றினோம். நான் பெடலை மிதித்தேன். இவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு, “நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதம்மா, உள்ள காத்து பூந்துட்டா பிரேக் பிடிக்காது” என்றார்.

வீட்டுக்குள் பாப்பா வீறிட்டாள். என்னையறியாமல் காலை எடுத்து, உடனே மறுபடி மிதித்தேன். இவர் கவனிக்கவில்லை.

“சூப்பர்! நீயும் மெக்கானிக் ஆயிட்ட போ!” வேலை முடிந்ததும் எழுந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் பெடல் மெத்தென்று இறங்கியதோ? என் பயம்தானோ?

காலையில் பாப்பாவை ஏற்றிக்கொண்டு செம்பாக்கம் ஏரி வரை ஒரு ரவுண்டாம். குறட்டை விடுகிறார். எழுப்பப் போகிறேன். திட்டினால் திட்டட்டும், அந்தக் காரில் பாப்பா ஏறக் கூடாது.