நித்தியத்துக்கு ஒரு உதாரணம்

நவம்பர் 14, வெள்ளி

ஏ.எல். பிள்ளைகளுக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்கு, இந்து நாகரிகப் பாடம். நித்தியம் என்றால் எக்காலமும் மாறாதது என்று வரைவிலக்கணம் எழுதிப்போட்டேன். உதாரணம் கேட்டார்கள். இருந்த அலுப்பில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் காட்டித் தொலைத்தேன்.

முன்வரிசையில் சுகந்தி, மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை இழந்தவள். "மலைதானே டீச்சர் எங்க லயத்து மேல விழுந்துச்சு?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"சரி, நீயே ஒன்னு சொல்லு."

"எங்க தற்காலிக வீடு டீச்சர். ஆறே மாசம்னு சொல்லி கூட்டிட்டுப் போனாங்க. அப்ப நான் ஒன்னாம் வகுப்பு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அநித்தியம் நடத்த வேண்டும். பாடக்குறிப்பை இப்போதுதான் புரட்டினேன். அதற்கு நான் எழுதி வைத்திருக்கும் பொருள்: தற்காலிகமானது.